மச்சாளின் மலைக்காணி

என் அண்ணையின் மனைவியை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. லண்டன் கிங்ஸ்பரியில் ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் இதை ஒருநாளும் ஒளித்ததில்லை. நான் அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அவள் அதே துணியை எடுத்து மறுபடி துடைப்பாள். அவள் மிளகாயும் இறால் கருவாட்டு விழுதும் சேர்த்து வதக்கும்போது புகை மணி அலறும். நான் மேலேயிருந்து இறங்கி வந்து பின்கதவைப் படாரென்று திறந்துவிட்டுப் போவேன்.

வீடு அண்ணையுடையது. கல்யாணம் முறிந்தபிறகு நான் அங்கே மாடியின் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிப்பது தொழில். முழங்காலில் நின்றே ஆயுளின் பாதியைக் கழித்த மனிதர்.

மச்சாள் இந்தோனேசியாவில் ஃப்ளோரஸ் என்கிற தீவின் உட்பகுதியில், மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவள். குமர்ப்பிள்ளையாக இருந்தபோதே சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தமிழ் அங்கே படித்தது. அந்தக் குடும்பம் வேலை மாற்றத்தில் லண்டன் வந்தபோது அவளையும் கூட்டி வந்தது. அவர்கள் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் பதிக்கப் போன அண்ணை, வேலை முடிந்தும் அங்கே போய்க்கொண்டிருந்தார். அடுத்த வருடம் கல்யாணம். எங்கள் சொந்தக்காரர்கள் அவளுக்குப் பின்னால் "வேலைக்காரி" என்றார்கள். அவளுக்கு அது கேட்டது. கேட்டதைக் காட்டிக்கொள்ள அவள் ஒருநாளும் தயங்கவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில், அப்படிச் சொன்ன பெரியம்மாவின் முன்னால் போய் நின்று, "பிளேட் எடுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். பெரியம்மா அன்று சாப்பிடாமலே எழும்பிவிட்டார்.

எல்லாக் கரைச்சலும் அவளுடைய தம்பியின் கல்யாணத்தோடுதான் தொடங்கியது. அண்ணை போக வேண்டுமென்று நின்றார். என்னையும் வரச்சொன்னார். மச்சாள் மட்டும், "எதுக்கு? வீடியோவில் பார்த்தால் போதும்" என்றாள். தன் சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குப் போக விருப்பமில்லாத பெண்ணைப் பற்றி நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

பாலியிலிருந்து சின்ன விமானம். பிறகு ஒரு பகல் முழுக்க மலை வளைவுகளில் வான் வண்டி. அதன்பிறகு மரப்பலகைகளை இருக்கையாக அடித்த லாரி. ஆட்களோடு பன்றியும் சிமெந்தும் எரிவாயுச் சிலிண்டரும் ஏறிக்கொண்டன. பாலமில்லாத ஒரு ஆற்றை லாரி தண்ணீருக்குள் இறங்கிக் கடந்தது. அதற்கப்பால் பாதை லாரிக்கும் உதவாது. நடந்தோம். அண்ணை தன் கெட்டுப்போன முழங்கால்களோடு, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு நடந்தார்.

அழகான இடம்தான், அதை மறைக்கவில்லை. விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி கிடக்கும். சரிவுகளில் கோப்பி, இடையில் கிராம்பு, மரங்களில் ஏற்றிவிட்ட வனிலாக் கொடி. வீட்டு முற்றங்களில் படங்கு விரித்துக் கோப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். மச்சாள் ஒரு குடத்தோடு என் பின்னால் வந்து நின்றாள்.

"போட்டோ எடுத்தது போதும். தண்ணி எங்க இருக்குன்னு பார்க்கிறீங்களா?"

கீழே, ஒரு சரிவின் அடியில் இருந்தது. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏறும்போது நான் இரண்டு தடவை குடத்தைக் கீழே வைத்தேன். அவள் ஒரு தடவையும் வைக்கவில்லை. எனக்காகக் காத்து நிற்கவுமில்லை.

கல்யாண வீட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கிழவர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். நடு வயதில் ஆட்களே இல்லை. கல்யாணத்துக்கென்று லீவு எடுத்து வந்த சிலர் மட்டும் புதுச் சட்டையோடு நின்றார்கள்.

"மிச்ச ஆட்கள் எங்க?" என்று மச்சாளைக் கேட்டேன்.

"மலேசியாவில். பாம் ஆயில் தோட்டம். பொம்பளைங்க ஹாங்காங், சிங்கப்பூர்."

"இஞ்ச இவ்வளவு காணி இருக்கே?"

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் எரிகிறது. "அக்கா, காணி இருக்கு. வனிலா விலை ஏறுதுன்னு எல்லாரும் வனிலா போட்டாங்க. திருட்டுக்குப் பயந்து கொடிக்குப் பக்கத்தில் படுத்தாங்க. காய் முத்துறதுக்குள்ள பறிச்சாங்க. பிறகு விலை விழுந்துச்சு. இப்போ கோப்பி. மழை பிந்தினா அதுவும் இல்ல. வியாபாரி சொன்னதுதான் விலை, ஏன்னா அவன்கிட்ட மட்டும்தான் லாரி இருக்கு. ஸ்கூல் ஐஞ்சாறு வகுப்போட முடிஞ்சிடும். மேல படிக்கணும்னா டவுன்ல யார் வீட்லயாவது வேலைக்காரியா நிக்கணும். நான் நின்னேன். போதுமா?"

அண்ணை இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் மலைமுகட்டில் நின்று வேறொன்றைக் கண்டுகொண்டிருந்தார். அவரிடம் ஒரு குணம் உண்டு: ஒரு திட்டம் தலைக்குள் ஏறிவிட்டால் மனிதர் கண்மூடி விழுவார். முன்பொருதடவை வெம்பிளியில் கொத்துரொட்டி வான் போட்டு, அந்த வான் ஆறு மாதம் எங்கள் வாசலில் துருப்பிடித்து நின்றது. இப்போது முகட்டில் உல்லாசப் பயணிகளுக்கு நாலு குடில்கள், சரிவில் கோப்பி, லண்டன் கடைகளுக்கு நேரடியாக அனுப்புவது.

அவருடைய மாமனார், மெலிந்த, அதிகம் பேசாத மனிதர், முகட்டைக் காட்டி ஏதோ சொன்னார். அண்ணை மச்சாளிடம், "என்னவாம்?" என்றார்.

"சும்மா, மழையைப் பத்திப் பேசுறார்."

ஆனால் மாப்பிள்ளைத் தம்பி மலேசியாவில் ஒரு தமிழ் மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்தவன். உடைந்த தமிழில், சிரித்துக்கொண்டு, "இல்ல அண்ணே. அப்பா சொல்றார், அந்த இடம் அக்காவுக்கு. அக்கா பேருக்கு எழுதுவார்" என்றான்.

அண்ணையின் முகம் மலர்ந்ததையும் மச்சாளின் முகம் இறுகியதையும் நான் ஒரே நேரத்தில் பார்த்தேன்.

திரும்பி வரும்போது ஆற்றடியில் லாரி நின்றது. மேலே மழை பெய்திருந்ததால் தண்ணீர் வடியும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் இறங்கிக் கரையில் நின்றார்கள். அண்ணை காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தார். மச்சாள் மட்டும் லாரியை விட்டு இறங்கவில்லை. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏன், இறங்கலாமே?" என்றேன்.

"என் கூடப்பிறந்த அக்கா இங்கதான் செத்தாங்க." அவள் குரல் ஒரு மாற்றமும் இல்லாமல் வந்தது. "பிள்ளைப்பேறு. மூங்கில்ல துணி கட்டித் தூக்கிட்டு வந்தோம். ஆறு ஏறிப்போச்சு. கரையில் வச்சிட்டுத் தண்ணி இறங்கட்டும்னு உட்கார்ந்திருந்தோம். நான் கையைப் பிடிச்சிருந்தேன்."

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வேண்டாம்" என்றாள் அவள். "நீங்க இரக்கப்பட்டா எனக்கு இன்னும் கோபம் வரும்."

லண்டன் வந்து இறங்கிய கிழமையே அண்ணை வேலைகளைக் குறைக்கத் தொடங்கினார். வீட்டை விற்பது, மலையில் போய் இருப்பது. மாமனார் காணியை எழுதினால் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வாராம். வெளிநாட்டுக்காரர் பெயரில் அங்கே அப்படிக் காணி எழுத முடியாது. அதனால் மச்சாள் பெயர் முக்கியம். எனக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். "நீ சவுத் ஹாரோவில ஒரு ரூம் எடுத்துக்கொள்ளன், தங்கச்சி. இல்லாட்டி எங்களோட வா."

"நான் மலைக்கு வந்து என்ன செய்யிறது அண்ணை? பன்றிக்குப் பல்லுப் பார்க்கவே?"

"எப்பவும் உனக்கு நக்கல்தான்."

சொந்தக்காரர்களுக்குள் கதை வேறு மாதிரி ஓடியது. அவள் மயக்கிவிட்டாள், வீட்டை விற்கவைத்துத் தன் ஆட்களிடம் கொண்டுபோகப் பார்க்கிறாள். வெம்பிளி மண்டபமொன்றில் நடந்த கல்யாணத்தில் பெரியம்மா இதைச் சத்தமாகவே சொன்னார். "முப்பது வருசம் முழங்கால் தேயச் சம்பாதிச்ச வீடு. எங்கேயோ காட்டுக்குள்ள கொண்டுபோய்ப் போடப் பாக்கிறாள்."

மச்சாள் பக்கத்து மேசையில் இருந்தாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், எல்லாருக்கும் உண்மை தெரிந்திருக்கும். பேசவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு நானே கேட்டேன்.

"நீர் ஏன் பேசாமல் இருந்தனீர்? போக விருப்பமில்லை எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"அவங்க என்னை நல்லவள்னு நினைக்கணும்னு எனக்கு ஆசை இல்ல."

"அண்ணைக்காவது சொன்னனீரே?"

"தினமும் சொல்றேன். அவருக்கு நான் சொல்றது கேக்கல. எங்க ஊரைப் பத்தி என்னை விட அவருக்கு நல்லாத் தெரியுமாம். அங்கே பதினேழு வருஷம் இருந்தது நான். பத்து நாள் இருந்தது அவர்."

அன்று அவள் குசினியில் அரைத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அம்மியை உடைத்துவிடுவாள் போலிருந்தது. நான் முதல்தடவையாகக் கதவைத் திறக்கப் போகவில்லை, புகையிலேயே நின்றேன்.

சில மாதங்கள் கழிந்து, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் படிக்கட்டின் அடியில் மறித்தாள்.

"செவ்வாய்க்கிழமை லீவு எடுக்க முடியுமா? சிவிக் சென்டர்ல எனக்கு சிட்டிசன்ஷிப் செரமனி. கூட ஒரு ஆள் வரலாம்."

நான் திகைத்துவிட்டேன். அவள் விண்ணப்பித்ததே எனக்குத் தெரியாது. "அண்ணைக்குத் தெரியுமே?"

"தெரியாது. நீங்களும் சொல்ல மாட்டீங்க."

"நான் ஏன் சொல்லமாட்டன்?"

"உங்களுக்கு அண்ணனை விட வீடு முக்கியம்."

செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவள் சொன்னது பொய்யென்று எப்படிச் சொல்வது? என் அறை, என் ஜன்னல், நான் வாங்கிப்போட்ட திரைச்சீலை. நான் லீவு எடுத்தேன்.

கவுன்சில் மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மன்னரின் படம் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம். குஜராத்திக் குடும்பங்கள், சோமாலியர்கள், ஒரு பிரேசில்காரப் பெண், பின்வரிசையில் எங்களுடைய ஆட்கள் மூன்று பேர். எல்லோரும் பட்டும் கோட்டுமாக இருந்தார்கள். மச்சாள் வேலைக்குப் போடும் கறுப்புக் காற்சட்டையோடும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடும் வந்திருந்தாள். உறுதிமொழி சொல்லும்போது அவள் குரல் மற்ற எல்லாருடைய குரலையும் விடச் சத்தமாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். தேசிய கீதம் பாடும்போது அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுத மாதிரி எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு விடைக்க, யாரோ ஒருவரோடு சண்டைக்கு நிற்கிறவளைப் போல அழுதாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள். "எங்க நாட்டுச் சட்டத்தில் ரெண்டு குடியுரிமை கிடையாது. இதை எடுத்தா அது போச்சு. இப்போ நானும் வெளிநாட்டுக்காரி. அந்த முகட்டை என் பேருக்கு எழுத முடியாது."

"அதுக்காகத்தான் எடுத்தனீரே?"

"ஆமா."

"உம்மட அப்பா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். தம்பிக்கு எழுதச் சொன்னேன். போனை வச்சிட்டார். அப்புறம் எடுக்கல."

அவள் கையைத் தொடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தொடவில்லை. தொட்டிருந்தால் தட்டிவிட்டிருப்பாள்.

அன்று மாலை அண்ணை வேலையால் வந்து கால் கழுவிவிட்டு மேசையில் இருந்தார். மச்சாள் சோற்றை வைத்தாள், கறியை வைத்தாள், எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் அடுப்படியில் நின்றேன். மேலே போயிருக்கலாம்; போகவில்லை.

அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப காணி?"

"தம்பிக்கு."

"நீ... நீ வேணுமெண்டு செய்தனியே?"

"வேணும்னுதான் செஞ்சேன். என் வாயால சொன்னது உங்களுக்குக் கேக்கல. இப்போ கேக்குதா?"

அண்ணை எழும்பினார். கதிரை பின்னால் விழுந்தது. "என்ர கடைசிக் காலத்தை நீ வெட்டிப் போட்டாய்! இந்த முழங்காலோட இன்னும் எத்தனை குளியலறை நான் தவழுறது?"

"அந்த முழங்காலோட அந்த மலையில் எப்படித் தண்ணி தூக்குவீங்க? நான்தான் தூக்கணும். அங்கே திரும்பவும் நான்தான் தூக்கணும்! உங்க குடில்ல வர்ற வெள்ளைக்காரனுக்குக் குளிக்கத் தண்ணி யார் தூக்குவா?"

"ஆள் வைச்சுச் செய்யலாம்."

"எந்த ஆள்? அங்க ஆள் எங்க இருக்கு?"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமே?"

"ஓம். நான்தான் கூடப் போனனான்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருநாளும் ஒன்றாகாத இரண்டு பேரும் தனக்கெதிராக ஒன்றாகியிருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. "ரெண்டு பேரும் நாசமாப் போங்கோ" என்றார். சோற்றைத் தொடாமல் முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

ஆனாலும் அவர் போனார். மச்சாள் இல்லாமல், விசிட் விசாவில், மைத்துனனோடு சேர்ந்து முகட்டில் குடில் கட்டலாமென்று. போகும்போது இருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் கிழமைகளில் சொந்தக்காரர்களுக்குப் படங்கள் வந்தன: மூடுபனி, கோப்பிப்பூ, மூங்கில் கம்பங்களோடு அவர். பிறகு படங்கள் குறைந்தன. மைத்துனன் மூலமாக மச்சாளுக்கும், மச்சாள் வெடுக்கென்று வீசுகிற அரைகுறைச் சொற்களால் எனக்கும் மிச்சம் தெரியவந்தது. மாமனார் அவரோடு பேசுவதில்லை. மகள் இல்லாமல் மருமகன் எதற்கு என்று ஊருக்குள் கேட்கிறாராம். மூங்கில் வெட்டிக்கொடுக்க வந்தவர்கள் இரண்டு நாளில் தங்கள் தங்கள் கோப்பிக்குப் போய்விட்டார்களாம். மைத்துனனுக்கு மறுபடி மலேசியாவிலிருந்து அழைப்பு வந்துவிட்டதாம்.

மழை தொடங்கியதும் அண்ணை சறுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிச் சீழ் பிடித்தது. ஊர்க்காரர்கள் அவரை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவருடைய நல்ல காலம், ஆறு அன்று இறங்கியிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் போன் எடுத்தபோது மச்சாள் முழுவதையும் கேட்டாள். "டிக்கெட் போடுறேன்" என்றாள். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கியது. நான் படியிலேயே நின்றுவிட்டு மேலே ஏறினேன்.

அண்ணை மெலிந்து, தாடியோடு வந்து இறங்கினார். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மச்சாள் அவருடைய புண் ஆறும்வரை மருந்து கட்டினாள். ஆறியதும், ஒரு சூட்கேஸோடு லண்டனின் மறுபக்கம், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு அறைக்குப் போய்விட்டாள். அங்கே முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. பிரிவு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணை இப்போது ஒரு டைல்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிறார். வீட்டை விற்கவில்லை. அவள் பேர் வந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

நான் அவளிடம் எப்போதாவது போவேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெரியாது. போனமுறை போனபோது, அவள் ஊருக்குப் பாதி வழிக்குத் தார் ரோடு வந்துவிட்டதாம், ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறார்களாம் என்று சொந்தக்காரர்களிடம் கேள்விப்பட்டதைச் சொன்னேன். அண்ணையின் கணக்குச் சரிதான், அவசரப்பட்டுவிட்டார் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"ரோடு வந்தது நல்லதுதான்" என்றாள் மச்சாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "மிச்சமிருந்த பிள்ளைங்க சீக்கிரம் வெளிய போயிடுவாங்க. தம்பி பொண்டாட்டியும் கேக்குறா, சிங்கப்பூருக்கு ஏஜென்ட் நம்பர் வேணுமாம்."

"குடுத்தனீரே?"

"குடுத்தேன்."

"கைக்குழந்தையை விட்டுட்டுப் போகப் போறாளே?"

கத்தி நின்றது. "நீங்க வளர்க்கிறீங்களா? இல்லல்ல? அப்புறம் ஏன் கேக்குறீங்க?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. உம்மோடு மனிசர் கதைக்க ஏலாது என்றேன். அப்படியானால் ஏன் வருகிறீர்கள் என்றாள். நான் ஜாக்கெட்டை எடுத்தேன். அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்து, "சமைக்கிறேன்ல, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள், அதே கோபத்தோடு. உட்கார்ந்தேன். காரம் கண்ணில் நீர் வரவைத்தது. குறை சொன்னேன். அடுத்தமுறை நீங்களே சமைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள்.